கனி டீச்சர் தப்பாகத் திருத்திய ஒரு சொல்

மணிமுத்தாபுரத்து ரேஷன் கடையில் எடை போடும் மரியதாஸ், ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "தி கிளாக் இஸ் இன் தி வால்" என்று சொன்னார். அவர் வாயை மூடுவதற்குள், சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் குளத்தில் விழுந்த கல் மாதிரி சுவருக்குள் இறங்கிப் போயிற்று.

அது வாழைத்தார் மண்டிக்கு மேலே, மாடியில் நடக்கிற ஆங்கில வகுப்பு. நடத்துகிறவள் சுயம்புக்கனி, ஊர் வாயில் கனி டீச்சர். படிக்க வருகிறவர்கள் பதினொரு பேர், எல்லாரும் வேலைக்குப் போய்த் திரும்பி, முகம் கழுவி, நோட்டோடு வருகிற பெரிய ஆட்கள். பதினொரு பேரும் கடிகாரம் இருந்த இடத்தைப் பார்த்தார்கள். சுண்ணாம்பில் ஒரு கீறல் இல்லை. மரியதாஸ் காதை வைத்துக் கேட்டார். உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கனி டீச்சருக்கும் பயம் வரவில்லை. இன் என்றால் உள்ளே, ஆன் என்றால் மேலே ஒட்டிக்கொண்டு என்று பன்னிரண்டு வருஷமாக அவள் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்ததை முதன்முதலாக நம்பியது அந்தச் சுவர்தான்.

"ஆன் தி வால்" என்று அவள் திருத்திச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். உள்ளேயிருந்து டிக் டிக். பிறகு அவளுக்கே விளங்கி, தன் வழக்கப்படி ஒரு துண்டுச் சீட்டில் 'ஆன்' என்று எழுதி, மடித்து, மரியதாஸின் கையில் வைத்தாள். அவர் பிரித்துப் பார்த்து, "தி கிளாக் இஸ் ஆன் தி வால்" என்றார். கடிகாரம் வெளியே வந்தது, நெற்றியில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூளோடு. ஆறு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. அது நேரம் தவறவில்லை.

அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது: கிழக்கே ரயில்வே கேட்டுக்கும் மேற்கே உப்போடைப் பாலத்துக்கும் நடுவில் யார் ஆங்கிலத்தில் எதை எங்கே வைத்துச் சொன்னாலும் அது அங்கே போய்விடும், தப்பாகப் போனால், சொன்ன வாயே திருத்திச் சொன்னால்தான் திரும்பி வரும்.

அந்தத் துண்டுச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனி டீச்சர் யாரையும் நாலு பேர் முன்னால் திருத்த மாட்டாள். பத்தொன்பது வயதில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தாள். எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டபோது, ஆங்கிலத்தில் ஊர்ப் பெயருக்கு முன்னால் போடக்கூடாத ஒரு சொல்லைப் போட்டுவிட்டாள். மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நடுவில் இருந்தவர் சிரித்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, தேநீர் கொண்டுவந்தவரிடமும் அதைச் சொல்லிக் காட்டினார், அவரும் சிரித்தார். காது மடல் சுடச்சுடத் திரும்பி வந்தவள், மூன்று வருஷம் இலக்கணப் புத்தகத்தை விட்டுத் தலை தூக்கவில்லை. தூக்கியபோது தென்மாவட்டத்தில் அவளைப்போல் அந்தச் சின்னஞ்சிறு சொற்களை அறிந்தவர்கள் யாரும் இல்லை. யார் காதையும் அப்படிச் சுட விடமாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தவள், தப்பைச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுப்பாள், அவ்வளவுதான்.

முதல் வாரத்தில் ஊர் கொஞ்சம் கலைந்துதான் போயிற்று. மின்வேலை பார்க்கிற சொரிமுத்து, வீட்டில் மத்தியானச் சோற்றில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, மின்விசிறி ஓடவில்லை என்று கூப்பிட்ட வங்கி அம்மாவிடம் போனில் "ஐ ஆம் ஆன் தி வே மேடம்" என்றான். தட்டு அங்கேயே இருந்தது, அவன் கைலியோடும் சாம்பார்க் கையோடும் வங்கிக்குப் போகிற சாலையின் நட்டநடுவில் நின்றான். பாதி தூரம் வந்தாயிற்றே என்று போய் மின்விசிறியைப் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினான். அந்த மாதம் தச்சர், கொத்தனார், குழாய் வேலைக்காரர், கேபிள்காரர் என்று எல்லாரும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்க, ஊர்ப் பெண்கள் இது எந்தச் சாமி செய்த காரியமோ, அதற்கு ஒரு பொங்கல் வைக்கலாமா என்று யோசித்தார்கள்.

கல்யாணத்துக்கும் சடங்குக்கும் போகப் பிடிக்காமல் "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்று சொல்லிப் பழகியவர்கள், சொன்ன கையோடு ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் போய் விழுந்தார்கள். காலை பதினொரு மணிக்கெல்லாம் அங்கே இருபது பேராவது இருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்காமல் உட்கார்ந்திருக்கிற அவர்களுக்காக டீக்கடைக்காரர் இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டார். துபாய், சிங்கப்பூர் என்று கனவு கண்ட ஒருவன் இதுதான் சமயமென்று பெட்டியைக் கட்டி, சாமி கும்பிட்டு, "ஐ ஆம் இன் சிங்கப்பூர்" என்று சொல்ல, கடைவீதியில் இருக்கிற சிங்கப்பூர் ஸ்டோர்ஸுக்குள், பனியன் அடுக்குகளுக்கு நடுவே போய் நின்றான். ஊர் எல்லையைத் தாண்டி ஆளைத் தூக்கிப் போகிற வசதி அதற்கு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. புதுக் கார் வாங்கிய கண் டாக்டர் "ஐ கேம் ஆன் மை கார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அதன் கூரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளுக்கு வணக்கம் சொன்னார்.

தையல்கடை செண்பகவடிவிடம், எப்போதும் உன் கூடவே இருப்பேன் என்று சொல்ல நினைத்த ஒருவன், தப்பான சொல்லை எடுத்து "ஐ ஆம் ஆல்வேஸ் பிஹைண்ட் யூ" என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தான். அவள் திரும்பினால் அவனும் சுற்றிக்கொண்டு பின்னால் போனான். மூன்றாம் நாள் அவள் அவனைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்து, "டீச்சர், இவர் சொன்னதைத் திருத்த வேண்டாம், வேற ஏதாவது சொல்லிக் கொடுங்க" என்றாள். கனி டீச்சர் எழுதிக் கொடுத்த சீட்டில் 'அவே ஃப்ரம் யூ' என்று இருந்தது. அவன் வாசித்தான், போனான்.

மாதா கோயிலில் ஆங்கிலப் பூசை வைத்த சாமியார் மட்டும் ஒரு தப்பும் இல்லாமல், "காட் இஸ் அமங் அஸ்" என்று சொன்னார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க ஊரில் யாரும் யாரையும் வையவில்லை. பிரியாணிக் கடை வரிசையில் பக்கத்தில் நிற்பது யாரோ என்னவோ என்று எல்லாரும் எல்லாரையும் முன்னால் போகச் சொன்னதில், வரிசை நகரவே இல்லை.

மாதம் இரண்டானதும் ஊர் அதைப் பழகிக்கொண்டது. தமிழில் பேசினால் முட்டி போட வைத்துக்கொண்டிருந்த ஆங்கிலப் பள்ளிக்கூடம், வளாகத்துக்குள் ஆங்கிலம் பேசக் கூடாது என்று போர்டு மாட்டியது. வெளியூர்க்காரர்களிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. இது வீட்டு விஷயம் மாதிரி. வெளியூரிலிருந்து சொந்தம் வந்தால் வாசலிலேயே, "உள்ள வாங்க, தமிழ்லயே பேசுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். கனி டீச்சருக்குத்தான் மூச்சு விட நேரமில்லை. நாலு வகுப்பு நடத்தினாள். பஞ்சாயத்துக்காரர்களும் போலீஸ்காரர்களும் படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சந்தைக்குப் போனால் பின்னாலேயே ஆள் வந்து, "டீச்சர், பஸ்ஸுக்கு இன்னா, ஆனா?" என்று கேட்டார்கள். "பஸ்ஸுக்கு ஆன். ஆனா நம்ம ஊர்ல இன்னுன்னே சொல்லுங்க, விழுந்துராதீங்க" என்பாள். அவள் மனசுக்குள், மேசைக்குப் பின்னால் இருந்த அந்த மூன்று பேரும் இப்போது இந்த ஊருக்கு வரட்டுமே என்று ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கீழே மண்டி நடத்துகிற அவள் கணவர் இசக்கிராஜாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றார். "தமிழ்ல கடையிலன்னா போதும். உள்ள இருந்தாலும் கடையில, மாடியில இருந்தாலும் கடையில, வாசல்ல நின்னாலும் கடையிலதான். கேக்கிறவன் புரிஞ்சுக்கிடுவான். இந்தப் பாஷைக்குத்தான் மனுஷன் மேல நம்பிக்கையே கெடையாது" என்பார்.

அவருக்கு அதன் மேல் கோபம் வரக் காரணம் இருந்தது. சுமை தூக்குகிற உத்தண்டு, தார்களைச் சுமக்காமல் வாயால் ஏற்றிவிடலாம் என்று கண்டுபிடித்து, நாலு நாள் "தி பனானா இஸ் இன் தி லாரி" என்று சொல்லிச் சுகமாக இருந்தான். ஐந்தாம் நாள் அசதியில் வார்த்தை இடம் மாறி, "தி லாரி இஸ் இன் தி பனானா" என்று விட்டான். பத்துச் சக்கர லாரி போன இடம் தெரியவில்லை. குவியலில் ஒரே ஒரு நாட்டுப்பழம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது, அதன் தோலுக்குள் மஞ்சளாக இரண்டு விளக்கு எரிந்தது. உத்தண்டு பயந்து மாமியார் வீட்டுக்கு ஓடிவிட்டான். அவனைத் தேடிக் கூட்டி வருகிற வரைக்கும் இசக்கிராஜா அந்தப் பழத்தை வைக்கோல் விரித்த கூடையில் வைத்துக்கொண்டு, டிரைவருக்குக் கேட்கட்டும் என்று அதன் காம்புப் பக்கமாகக் குனிந்து, "கொஞ்ச நேரந்தான் அண்ணாச்சி, பதறாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கையில்தான் சாலை வந்தது.

புதிய நாலு வழிச் சாலை ஒன்று கிழக்கேயிருந்து மேற்கே போக வேண்டும். வரைபடத்தில் அது கடைவீதி வழியாக, நாற்பது கடைகளின் மேலே, வாழை மண்டியின் மேலே, மாடி வகுப்பின் மேலே ஒரு சிவப்புக் கோடாக ஓடியது. மக்களிடம் கருத்துக் கேட்கத் திட்ட அதிகாரி தயாபரன் வருகிறார் என்று தகவல். ஐம்பது வயது, முழுக்கைச் சட்டை, நல்ல மனிதர் என்று சொன்னார்கள். ஒருமுறை அளவெடுக்க வந்தபோது கனி டீச்சர் அவரைப் பார்த்திருக்கிறாள். கூட வந்தவர்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்வதற்கு முன்னால் அவர் உதடு சத்தமில்லாமல் இரண்டு முறை அசைந்ததையும், பேசி முடித்ததும் கைக்குட்டையை எடுத்துப் பிடரியைத் துடைத்ததையும் பார்த்தாள். அன்றைக்கு அவர்கள் நின்றது பாலத்துக்கு அந்தப் பக்கம் என்பதால் ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த உதட்டசைவை அவள் நன்றாக அறிவாள். வகுப்பில் பதினொரு பேருக்கும் அப்படித்தான் அசையும்.

கூட்டத்தை மண்டியிலேயே வைத்தார்கள். கடைவீதியில் அத்தனை பேரும் உட்காரக் கூரையுள்ள இடம் அதுதான். தார்களை ஓரமாக ஒதுக்கி, நாற்காலி போட்டு, சுவரில் வரைபடம் மாட்டினார்கள். தயாபரனோடு ஆலோசனை நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் மடிக்கணினியோடு வந்திருந்தார்கள், தமிழ் தெரியாதவர்கள். தயாபரன் ஒலிபெருக்கி முன்னால் நின்று கையிலிருந்த தாள்களை அடுக்கினார்.

மரியதாஸ் எழுந்தார். "ஐயா, தமிழ்லயே சொல்லுங்க. எங்களுக்கு அதான் நல்லது."

"கூட வந்தவங்களுக்குப் புரியணும்ல. முதல்ல இங்கிலீஷ்ல வாசிச்சுட்டு, அப்புறம் தமிழ்ல சொல்றேன்."

"வேண்டாம் ஐயா. இங்கிலீஷ் வேண்டாம்" என்றான் சொரிமுத்து. பின்னாலிருந்து பத்துப் பதினைந்து குரல், ஆமாம் ஆமாம், இங்கிலீஷ் வேண்டாம் என்று சேர்ந்துகொண்டது.

தயாபரன் முகம் மாறியது. "ஏன்? எனக்கு வராதுன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார். சபை பதில் சொல்வதற்குள், அவர் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்து, உதட்டை இரண்டு முறை அசைத்து, ஒரு தப்பும் இல்லாமல் வாசித்தார்: "தி நியூ ரோட் கோஸ் த்ரூ தி டவுன்."

முதலில் கொதிக்கிற தாரின் வாசனை வந்தது. பிறகு மண்டியின் கிழக்குச் சுவர், சட்டைப் பொத்தானைக் கழற்றுகிற மாதிரி மேலேயிருந்து கீழாகத் திறந்துகொண்டது. அந்தத் திறப்பு வழியாகச் சாலை வந்தது, அவசரம் இல்லாமல், ஆள் நடக்கிற வேகத்தில், நடுவில் வெள்ளைக் கோட்டைத் தானே போட்டுக்கொண்டு. வாழைத்தார்க் குவியலை இரண்டாகப் பிரித்தது. நாற்காலிகளை இருந்தவர்களோடு இரண்டு பக்கமும் ஒதுக்கியது. சனங்கள் தேர் பார்க்க உட்கார்ந்த மாதிரி சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே மாடி வகுப்பின் தளம் பிளந்து ஒரு பெஞ்சின் இரண்டு கால் வெளியே தொங்கியது. வெளியே தையல்கடை, பழக்கடை, மருந்துக்கடை என்று ஒவ்வொன்றாகச் சுவர் திறக்கிற சத்தம் கேட்டது. செண்பகவடிவு தைத்துக்கொண்டிருந்த இயந்திரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். வெங்காயம் ஏற்றிய லாரி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு மண்டிக்குள் நுழைந்து, டிரைவர் தலையை நீட்டி நாகர்கோவிலுக்கு இதுதான் வழியா என்று கேட்க, இசக்கிராஜா பழக்கதோஷத்தில், "நேராப் போங்க அண்ணாச்சி" என்றார்.

கனி டீச்சர் சாலைக்கு இந்தப் பக்கம் இருந்தாள், தயாபரன் அந்தப் பக்கம். கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து எழுதினாள், மடித்தாள். ஆனால் நடுவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. சீட்டை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? மேலே இன்னொரு விட்டம் முறிந்தது.

அவர் சொன்னது சரியான சொல். அதுதான் அவளை வாட்டியது. த்ரூ என்றால் ஊடுருவி. வரைபடத்தில் இருந்ததும் அதுதான், அந்த மனிதர் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறார். தன் வாழ்நாளில் அவள் சரியான சொல்லைத் தப்பு என்று சொன்னதில்லை. தப்பான சொல்லையும் சபையில் வைத்துத் தப்பு என்று சொன்னதில்லை. இப்போது இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டியிருந்தது.

எழுந்து நின்றாள். "எக்ஸ்கியூஸ் மீ, சார்" என்றாள். வகுப்பில் பேசுகிற குரல், தெளிவாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நீங்க சொன்னது தப்பு. த்ரூ இல்லை. அரௌண்ட்."

மடிக்கணினிக்காரர்கள் இருவரும் தலை தூக்கினார்கள். தமிழ் தெரியாவிட்டாலும் திருத்துகிறாள் என்பது அவர்களுக்குப் புரிந்தது. ஒருவன் மற்றவனைப் பார்த்தான், உதட்டோரத்தில் சிரித்தான். தயாபரனின் காது மடல் சிவப்பதை, நாலு வழிச் சாலைக்கு இந்தப் பக்கமிருந்தும், கனி டீச்சர் பார்த்தாள். அவளுடைய காதும் சுட்டது. பார்வையை மட்டும் அவள் தாழ்த்தவில்லை.

அவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிளந்து நின்ற கூரையை, இயந்திரத்தைக் கட்டிப் பிடித்திருந்த செண்பகவடிவை, எல்லாவற்றையும் பார்த்தார். உதடு இரண்டு முறை அசைந்தது.

"சாரி" என்றார். "தி நியூ ரோட் கோஸ் அரௌண்ட் தி டவுன்."

சாலை நின்றது, யோசித்தது, பிறகு பாயைச் சுருட்டுகிற மாதிரி வந்த வழியே சுருண்டு போயிற்று. வெங்காய லாரி பின்பக்கமாகவே போய் மறைந்தது. சுவர்கள் பொத்தான் போட்டுக்கொண்டன. கூட்ட அறிக்கையில் மடிக்கணினிக்காரர்கள் 'அரௌண்ட்' என்று தட்டினார்கள், தயாபரன் கையெழுத்துப் போட்டார், யாரையும் பார்க்காமல் ஜீப்பில் ஏறினார். ஊர் கைதட்டியது. இசக்கிராஜா எல்லாருக்கும் பழம் கொடுத்தார். கனி டீச்சர் மட்டும் ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல் மாடிக்குப் போய், வெறும் வகுப்பில் உட்கார்ந்தாள்.

அரை மணி நேரம் கழித்துச் சொரிமுத்து ஓடி வந்தான். "டீச்சர், அந்த ஆபீசர் ஜீப்பு உப்போடைப் பாலத்தை நாலாவது தடவ தாண்டுது."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அரௌண்ட் என்றால் சுற்றி. சாலை சொன்ன சொல்லைத் தட்டாமல் ஊரைச் சுற்றிப் போயிருந்தது, முழு வட்டமாக, வளையல் மாதிரி, தொடக்கமும் முடிவும் இல்லாமல். மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால் தெரிந்தது: முப்பது நாற்பது லாரிகள், இரண்டு கல்யாண வேன்கள், நாகர்கோவில் பஸ் ஒன்று, எல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தன, பிரதட்சணம் வருகிற மாதிரி. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் பெயர், ஊர், குலதெய்வம் எல்லாம் விசாரித்து முடித்து, ஒரு சம்பந்தம் பேசுகிற கட்டத்துக்கு வந்திருந்தார்கள்.

ஐந்தாவது சுற்றில் தயாபரன் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, வரப்பு வழியே நடந்து, மண்டிக்கு வந்து, மாடியேறினார். காலணி முழுக்கச் சேறு.

"வட்டமா இருக்கும்மா" என்றார்.

கனி டீச்சர் எழுந்து நின்றாள். கையைக் கூப்பினாள். "மன்னிச்சிருங்க சார். நீங்க சொன்னதுதான் சரி. த்ரூதான். நான் வேணும்னே தப்பாத் திருத்தினேன்."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"இருபத்தெட்டு வருஷமா அந்த வார்த்தையைத்தான் எழுதிட்டிருக்கேன். அது ஒண்ணுல மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்ல." அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "வரைபடத்துல அது ஒரு கோடும்மா. சுவர் திறந்து உள்ள ஆளுக உக்காந்திருக்கறதை இன்னைக்குத்தான் பாக்குறேன். எப்படி நிறுத்தறதுன்னு தெரியலை. நீங்க எழுந்து தப்புன்னு சொன்னீங்க. சரி, தப்புன்னு ஒத்துக்கிட்டா நிக்கும்னா, தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன்."

கனி டீச்சர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஆனா அந்தத் தம்பி சிரிச்சானே" என்றார் அவர், கைக்குட்டையை எடுத்துக்கொண்டு. "அது வலிச்சுது. இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"எனக்கும் வலிச்சுது சார்" என்றாள் அவள். பத்தொன்பது வயதில் நடந்ததை, கணவரிடம்கூட முழுதாகச் சொல்லாததை, அவரிடம் சொன்னாள். அவர், காலேஜில் ஒரு பேராசிரியர் தன் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு ஒரு வாரம் அழிக்காமல் வைத்திருந்ததைச் சொன்னார். வெளியே நாகர்கோவில் பஸ் இன்னொரு சுற்று போகிற சத்தம் கேட்டது.

இசக்கிராஜா தட்டில் பழமும் காபியும் கொண்டுவந்து வைத்தார். "இப்ப என்ன செய்யப் போறீய?"

"வேற சொல் வேணும்" என்றாள் கனி டீச்சர். "ஓவர்னா தலைக்கு மேல போகும், துணி காயாது. அண்டர்னா கிணறெல்லாம் போயிரும்."

"ஊரைச் சுத்தவும் வேண்டாம், ஊருக்குள்ள வரவும் வேண்டாம். ஊரை ஒட்டினாப்ல அது பாட்டுக்குத் தாண்டிப் போகட்டும்" என்றார் இசக்கிராஜா. "அதுக்கு அந்தப் பாஷையில சொல் இல்லையாக்கும்?"

கனி டீச்சருக்குப் பாஸ்ட் என்று தோன்றியது. பை என்றும் தோன்றியது. இரண்டில் ஒன்று கொஞ்சம் பிசகினாலும் நாற்பது கடையும் என்ன ஆகுமோ. பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக, இன்னொருவர் முன்னால் அவள் சொன்னாள்: "எனக்கே சந்தேகமா இருக்கு சார். புத்தகத்தைப் பாத்துருவோம்."

அலமாரியிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்து, அட்டை பிய்ந்த அதை மேசையில் விரித்து, இரண்டு பேரும் இரண்டு பக்கமும் குனிந்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்கள். தயாபரன்தான் முதலில் கண்டுபிடித்தார். "இங்க பாருங்க. ஒரு இடத்தோட பக்கமா வந்து, நிக்காம, அதைத் தாண்டிப் போறதுக்கு, பாஸ்ட்."

"பாஸ்ட்தான்" என்றாள் கனி டீச்சர். "சொல்லுங்க சார்."

அவர் எழுந்து, ஜன்னலோரம் போய் நின்று, இந்த முறை உதடு அசையாமல், "தி நியூ ரோட் கோஸ் பாஸ்ட் தி டவுன்" என்றார்.

கயிற்றின் முடிச்சை அவிழ்த்த மாதிரி வட்டம் விடுபட்டது. ஒரு நுனி கிழக்கே போயிற்று, ஒரு நுனி மேற்கே போயிற்று, ஊருக்கு வடக்கே தரிசு நிலத்தில் சாலை நேராகப் படுத்துக்கொண்டது. லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டு பறந்தன. கல்யாண வேன்கள் முகூர்த்தம் தவறினாலும் சாப்பாட்டுக்காவது போய்விடலாம் என்று விரைந்தன. பஸ்ஸில் இருந்தவர்கள், இவ்வளவு நேரம் பழகிய ஊராயிற்றே என்று, ஜன்னல் வழியாகக் கையாட்டினார்கள்.

தயாபரன் புறப்பட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இசக்கிராஜா ஜீப்பில் ஒரு தார் ஏற்றிவிட்டார், கையால் தூக்கித்தான். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணிருங்க சார்" என்றாள் கனி டீச்சர். ரோடு புதுசு, எங்கே கொண்டுபோய் விடுமோ என்று அவளுக்கு உள்ளூரக் கவலை இருந்தது.

அவள் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்து எடுத்தாள். பின்னணியில் யாரோ தட்டு வைக்கிற சத்தம், தொலைக்காட்சிச் சத்தம், வீட்டுச் சத்தம்.

"மேடம்" என்றார் தயாபரன், ரொம்ப உற்சாகமாக, ஒத்திகை இல்லாமல், முதல் முறையாகத் தானாகவே ஆங்கிலத்தில்: "ஐ ரீச்ட் டு மை ஹவுஸ்."

ரீச்சுக்குப் பின்னால் டு வராது. பத்தாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பது. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை சீட்டில் எழுதியிருப்பாள். கனி டீச்சரின் நாக்கு நுனிவரை அது வந்தது, அங்கேயே நின்றது.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள்.

போனை வைத்ததும் இசக்கிராஜா கேட்டார், "என்ன சொல்லுதாரு?"

"வீட்டுக்குச் சேர்ந்துட்டாராம்" என்று சொல்லிவிட்டு, அவள் தோசைக்கல்லில் மாவை ஊற்றினாள்.